ஜஸ்னா போட்ட வரிசை

ஒரு மீன்காரர், ஐஸில் பல நாள் கிடந்த சூரையை இன்றைக்குப் பிடித்தது என்று சொல்லி ஜஸ்னாவிடம் விற்றுவிட்டார். அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் அவர் எங்கள் டெய்ரி ஃபார்ம் தெரு முக்கில் வண்டியை நிறுத்தியதும் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஒரு மீனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் மூக்கைப் பார்த்துப் பார்த்து மற்ற பெண்களும் நகர ஆரம்பித்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த மனுஷன் வண்டியை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோபம் எல்லோருக்கும் வரும், போகும். ஜஸ்னாவுக்கு வந்தால் பட்டா வாங்கிக் குடியேறிவிடும்.

அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் போர்ட் பிளேரில்தான். வாப்பா கீழக்கரைப் பக்கத்துக்காரர். அபர்தீன் பஜாரில் லுங்கி, சட்டைத்துணி வியாபாரம். சின்ன வயதிலிருந்தே கடையில் உட்கார்ந்தவள் என்பதால் தமிழ், ஹிந்தி, பெங்காலி, தெலுங்கு என்று யார் வந்தாலும் அவர்கள் பாஷையிலேயே பேரம் பேசுவாள். புருஷன் ஜமீலுக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் அடுப்படியில் வேலை. லீவு கிடைத்தால் போட் ஏறி வருவான், வந்ததும் தூங்குவான், எழுந்ததும் கிளம்புவான். ஆகவே வீட்டில் அவளும் மகன் ஆசிமும்தான். அந்தப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை. பஸ் ஏறினாலே வாந்தி. கப்பல் என்றால் சொல்லவே வேண்டாம்.

எனக்கு அதே தெருவில் பங்க்சர் கடை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். அதனால்தான் இந்த விஷயம் முழுவதும் எனக்குத் தெரியும்.

இங்கே வருஷா வருஷம் பள்ளிக்கூட லீவு விட்டதும் பாதித் தெரு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறும். பிளேனுக்குப் பணம் உள்ளவர்கள் பிளேனில் போகிறார்கள். மற்றவர்களுக்கு பங்க் கிளாஸ்தான். இரும்புக் கட்டில் மேலும் கீழுமாக, வரிசை வரிசையாக. சென்னை போய்ச் சேர மூன்று நாள் ஆகும். தீவு கண்ணுக்கு மறைந்ததும் போனில் சிக்னல் செத்துவிடும். அப்புறம் பிள்ளைகள் பாடு, பெற்றவர்கள் பாடு. தொங்குவதும் குதிப்பதும் அடித்துக்கொள்வதும், போதும் போதும் என்றாகிவிடும்.

அதற்காக எங்கள் தெருப் பெண்கள் கண்டுபிடித்த வழிதான் கப்பல் பை. ஒரே கப்பலில் பத்து வீடு போகிறது என்றால், ஒவ்வொரு வீடும் தன் கையால் ஒரு விளையாட்டுச் சாமான் செய்ய வேண்டும். ஒன்று அல்ல, அதே சாமானில் பத்து. ஒவ்வொன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்து எல்லோரும் மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து விதமான பை கிடைத்துவிடும். கப்பலில் வேளைக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள். கடையில் வாங்கியதைக் கொண்டு வரக் கூடாது. இதை முதலில் கூட்டிச் சேர்த்தவள் ஷீலா. மேட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவள். வாய்க்காரி. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். தான் நடுவில் நிற்காத இடத்தில் நிற்கத் தெரியாதவள், அவ்வளவுதான்.

போன வருஷம் நான் போகவில்லை. என் சம்சாரம் தமிழரசியும் மகளும் போனார்கள். அங்கே நடந்ததைத் தமிழரசி வந்து சொன்னாள்.

ஜஸ்னா அந்த முறை விரலில் மாட்டிக்கொள்ளும் பொம்மை செய்திருந்தாள். வாப்பா கடையில் மிஞ்சிய லுங்கித் துண்டுகளில் நண்டு, முதலை, ஆமை. கிளம்புவதற்கு முன்னால் நான் பார்த்தேன், முதலைக்குப் பல்கூட வைத்துத் தைத்திருந்தாள். இரண்டாம் நாள் காலை அவள் பையைப் பிரிக்க வேண்டிய நேரத்தில் ஆசிம் வாந்தி எடுத்துவிட்டான். தரையில்தான் எடுத்தான். பிள்ளைகளுக்குக் கொடுக்க ஓரத்தில் அடுக்கியிருந்த பத்துப் பையில் ஒன்றில் பட்டுவிட்டது. ஜஸ்னா பிள்ளையைப் பார்ப்பாளா, தரையைத் துடைப்பாளா? அதற்குள் ஷீலா எழுந்து நின்று, பங்க் முழுக்கக் கேட்கிற மாதிரி ஹிந்தியில் சொன்னாள்.

"யே உல்டிவாலா பேக் ஹை! கோயி மத் லேனா!"

வாந்திப் பை, யாரும் எடுக்காதீர்கள் என்று அர்த்தம். சொன்னதோடு விட்டாளா? பத்துப் பையையும் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். நனைந்தது ஒன்று. மற்ற ஒன்பதும் காய்ந்த பை.

எங்கள் ஊரில் தமிழர்கள் தமிழில் திட்டிக்கொண்டால் அது வீட்டோடு போய்விடும். ஹிந்தியில் சொன்னால் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் போய்ச் சேரும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல் போதாதா? சென்னையில் இறங்கும்போதே ஆசிமுக்குப் பேர் மாறிவிட்டது. உல்டி. திரும்பி வந்ததும் ஸ்கூல் வேனில் உல்டி. கிரவுண்டில் உல்டி. டீச்சர் ஆஜர் எடுக்கும்போது ஆசிம் என்றால், பின்னாலிருந்து உல்டி என்று ஒருவன் திருத்துவானாம். பிள்ளை வேன் ஏற மாட்டேன் என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை என் கடையிலிருந்து எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் ஜஸ்னா ஸ்கூட்டிக்குக் காற்றடிக்க வந்தாள்.

"ஷீலாகிட்டப் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாம்மா. மனசு ஆறும்" என்றேன்.

"ஆறக்கூடாதுண்ணே."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"அதே கப்பல்ல, அதே பங்க்ல, அவ வாயால என் புள்ள பேரைச் சொல்லணும். போன வருஷம் இருந்த சனம் அத்தனையும் கேக்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

"அவ சொல்லுவாளாக்கும்!"

"சொல்லுவா. அதுவரைக்கும் நான் அவகூடச் சிரிச்சுப் பேசுவேன்."

சொன்னபடி சிரித்தாள். பெருநாளுக்கு ஷீலா வீட்டுக்குப் பிரியாணி போயிற்று. ஷீலா மகள் ருக்குவுக்குப் பாவாடைத் துணி போயிற்று. முடி வெட்டிக்கொள்ள ஜஸ்னா ஷீலாவின் பார்லருக்கே போனாள். கத்திரிக்கோல் கையில் இருந்தால் ஷீலாவுக்கு வாய் நிற்காது. ஒருநாள் முடியை வாரிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்:

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. எனக்கும் கப்பல் ஒத்துக்காது. ஏறும்போதே மாத்திரை போட்டுட்டு மேல் பங்க்ல படுத்திருவேன். இல்லேன்னா குடல் வெளிய வந்துரும்."

"சொல்ல மாட்டேன் அக்கா" என்றிருக்கிறாள் ஜஸ்னா. கடைசிவரை சொல்லவும் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பின்னால் ஷீலாவே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் கப்பல் தேதி வந்தது. டிக்கெட் கியூவில் நின்று வாங்கிய அன்றைக்கே ஜஸ்னா வாட்ஸாப்பில் குரூப் ஆரம்பித்துவிட்டாள். ஷீலாவை முந்திக்கொண்டு. ஆனால் முதலில் சேர்த்ததே ஷீலாவைத்தான். எனக்கு ஆச்சரியம்.

"அவளை ஏம்மா சேர்க்கிற? வெளிய நிக்கட்டுமே."

"வெளிய விட்டா தப்பிச்சுப் போயிருவாண்ணே."

பழைய ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றினாள். பையைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது. செய்தவர் யாரோ அவரே பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் அந்த விளையாட்டை நடத்த வேண்டும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பத்து வேளையில் ஒரு வேளை உழைத்தால் ஒன்பது வேளை நிம்மதி. எல்லோரையும்விட ஷீலாவுக்குத்தான் ரொம்பப் பிடித்தது. நடுவில் உட்கார்ந்து எல்லோர் பார்வையும் தன்மேல் இருக்க ஒரு மணி நேரம் என்றால் விடுவாளா?

"நான் என்னடி செய்ய?" என்று அவளே கேட்டாள்.

"உங்க கை நுணுக்கமான கை அக்கா. பாசிமணி கோக்கிறது வைங்க. பழைய புஸ்தகத் தாளைச் சுருட்டிப் பசை தடவினா அழகழகாப் பாசி வரும். பொம்பளப் புள்ளைங்க உசிரை விட்ரும்."

வரிசையையும் ஜஸ்னாதான் போட்டாள். முதல் நாள் சாயங்காலம் நான். அதற்கப்புறம் எதிர்வீட்டு மிதாலி, அவள் பழைய சேலையில் பாம்பு செய்திருந்தாள். இரண்டாம் நாள் காலை ஷீலா.

ஆமாம், இந்தத் தடவை மகளைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். தமிழரசி தன் தங்கச்சியின் பிரசவத்துக்காக முன்னாலேயே போய்விட்டாள். பத்துப் பெற்றவர்களில் நான் ஒருவன்தான் மீசைக்காரன். கிழிந்த டியூபை வளையம் வளையமாக வெட்டிப் பாட்டில் கழுத்தில் வீசிப் போடுகிற விளையாட்டு. எனக்குத் தெரிந்தது அதுதான்.

கப்பல் ஏறுகிற ஹேடோ ஜெட்டியில் மூட்டை முடிச்சோடு நிற்கும்போது ஜஸ்னாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, ரெண்டாம் நாள் காலைலதான கடல் பொரட்டும்? ஆளுங்க தலை தூக்க முடியாது. அந்த நேரத்துல குனிஞ்சு பாசி கோக்கச் சொல்லியிருக்க?"

"தெரியும்ணே."

அவள் முகத்தைப் பார்த்தேன். என் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஆசிம் ஏறமாட்டேன் என்று அழுதான். ஏணிப்படியில் இரண்டு முறை திரும்பி ஓடினான். பின்னாலிருந்து எவனோ ஒரு பொடியன், "உல்டி ஆ கயா!" என்றான், உல்டி வந்துட்டான் என்று. சிரிப்பு. ஷீலாவும் சிரித்தாள். வேண்டுமென்று சிரித்தாளா, கூட்டத்தோடு சிரித்தாளா தெரியாது. ஜஸ்னாவும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. என் வளையத்தைப் பிள்ளைகள் பாட்டிலில் போட்டதைவிட என் தலையில் போட்டதுதான் அதிகம். ராத்திரியே கப்பல் மெல்ல ஆட ஆரம்பித்துவிட்டது. விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். கப்பல் மூக்கைத் தூக்கும், கொஞ்ச நேரம் யோசிக்கும், பொத்தென்று இறக்கும். கேண்டீன் உப்புமா வாசமும் டீசல் வாசமும் கலந்து வந்தது. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள்.

ஜஸ்னா ஆசிமைக் கதவோரக் காற்றில் உட்காரவைத்து, கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லியிருந்தாள். பிள்ளைக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தாங்கிக்கொண்டான்.

ஷீலா மேல் பங்க்கிலிருந்து இறங்கி வந்தாள். மாத்திரை போட்டால் தூக்கம் வரும், தூங்கினால் தன் முறை போய்விடும் என்று அன்றைக்குப் போடவில்லையாம். தலை சீவி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்து பாயில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். பையைப் பிரித்தார்கள். பொய் சொல்லக் கூடாது, பாசி அழகாகத்தான் இருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளபளத்தது.

கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. பாசி எல்லாம் இடப்பக்கம் ஓடிற்று. பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். வலப்பக்கம் சாய்ந்தது. பாசியும் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். ஷீலா குனிந்து குனிந்து பொறுக்கினாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். ஒன்று முடிவதற்குள் இன்னொரு பிள்ளை ஊசியை நீட்டும். அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்ததை நான் பார்த்தேன். உதட்டுச் சாயத்தைச் சுற்றி முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"ஜஸ்னா... மீதியை நீ பாத்துக்கறியாடி? தலை சுத்துது."

"இன்னும் பாதி நேரம் இருக்கே அக்கா. புள்ளைங்க எவ்வளவு ஆசையா இருக்குதுங்க பாருங்க."

"முடியலடி."

"இந்தாங்க, இந்தச் சின்னப் பாசியை மட்டும் கோத்துக் குடுத்துருங்க. உங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

ஷீலா ஊசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். கப்பல் மூக்கைத் தூக்கியது. பொத்தென்று இறக்கியது.

அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். பாசி, பை, பாய், அவள் சேலை எல்லாம் போயிற்று. பிள்ளைகள் தெறித்து ஓடினார்கள். மேல் பங்க், கீழ் பங்க் எல்லாவற்றிலும் தலைகள் எழுந்தன. ஷீலா இரண்டு கையையும் தரையில் ஊன்றி மூச்சு வாங்கினாள். "தண்ணி" என்றாள்.

ஜஸ்னா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"என் புள்ள பேரு என்ன ஷீலாக்கா?"

ஷீலாவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அந்த நொடியை நான் பார்த்தேன்.

"தண்ணி குடுடி."

"குடுக்கறேன். என் புள்ள பேரு என்ன?"

"...ஆசிம்."

"போன வருஷம் எத்தனை பை நனைஞ்சுது?"

"ஒண்ணு."

"நீங்க தூக்கிப் போட்டது?"

ஷீலா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பத்தும்" என்றாள்.

"இதைத் தமிழ்ல சொன்னா யாருக்குக் கேக்கும்? அன்னைக்கு ஹிந்தியிலதான சொன்னீங்க? இன்னைக்கும் ஹிந்தியில சொல்லுங்க. மேல் பங்க் வரைக்கும் கேக்கணும்."

மிதாலி, "சோடோ நா, ஜஸ்னா" என்று முணுமுணுத்தாள். விடு என்கிறாள். ஜஸ்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷீலா வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது.

"உஸ்கா நாம் ஆசிம் ஹை" என்றாள். மறுபடியும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "ஆசிம் ஹை உஸ்கா நாம். கல்தி மேரி தீ." அவன் பேர் ஆசிம், தப்பு என்னுடையது என்று அர்த்தம். தப்பு என்பதை ஜஸ்னா கேட்டு வாங்கவில்லை, ஷீலா தானாகவே சொன்னாள்.

ஜஸ்னா மூடியைத் திறந்து பாட்டிலைக் கொடுத்தாள். வாளியும் துணியும் கொண்டுவந்து தரையை அவளே துடைத்தாள். துடைக்கும்போது முகத்தில் ஒரு ஒளி இருந்தது. பெருநாள் அன்றைக்குக்கூட அவள் முகத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைகள் விடுவார்களா? மத்தியானத்துக்குள் ருக்குவுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். உல்டி கி பேட்டி. வாந்தியின் மகள். அந்தப் பெண் கீழ் பங்க்கில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது யார் என்கிறீர்கள்? ஆசிம். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத பிள்ளை, கட்டிலுக்குக் கட்டில் தாவித் தாவிக் கத்தினான். வாந்தியும் இல்லை, மயக்கமும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஜஸ்னா, உன் மகனை அடக்கு. அந்தப் புள்ள என்னம்மா பண்ணுச்சு?"

"என் புள்ள என்னண்ணே பண்ணுச்சு?"

"அதுக்காக?"

"ஒரு வருஷம் கேட்டிருக்கான். ஒரு நாள் சொல்லட்டும்."

சொல்லவிட்டாள். இருட்டுகிறவரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் முறை. மறுபடியும் விரல் பொம்மைதான் செய்திருந்தாள். அதே லுங்கித் துணி, அதே முதலை. பிள்ளைகள் கையை நீட்டினார்கள். அவள் பையைக் கொடுக்காமல் ஹிந்தியில் சொன்னாள்: "அந்தச் சொல் நேற்றோடு முடிந்தது. இனி யார்மேல் யார் சொன்னாலும் பை கிடையாது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஆசிம் மட்டும் ஆட்டவில்லை.

"நேத்து சொல்லலாம், இன்னைக்குக் கூடாதா உம்மா?"

"கூடாது."

"ஏன்?"

"நேத்து எனக்குக் கோபம் இருந்துச்சு."

"எனக்கு இன்னைக்கும் இருக்கு" என்றான் ஆசிம்.

கடையில் நாலு பாஷையில் பேரம் பேசுகிற வாய் அன்றைக்கு அடைத்துப் போனதை நான் பார்த்தேன். கடைசியில் அவன் பையை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தாள். மற்ற எல்லாவற்றையும் கொடுத்தாள். ருக்குவின் பையைக் கொண்டுபோய் அவள் கால்மாட்டில் வைத்தாள். அந்தப் பெண் திரும்பவில்லை. ஆசிம் கதவோரம் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சென்னை வெளிச்சம் தெரிகிறவரை அவன் அந்தப் பையைக் கேட்கவே இல்லை. அம்மாவுக்கு ஏற்ற பிள்ளை.

சென்னையில் இறங்கும்போது ஏணியில் நெரிசல். ஷீலா ஒரு கையில் ருக்குவையும் ஒரு கையில் டிராலியையும் இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். போனவள் நின்று திரும்பினாள். இரண்டு நாளாகப் பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"திரும்பி வர எந்தக் கப்பல்டி?"

ஜஸ்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ள தேதியைச் சொன்னாள்.

"நாங்களும் அதுலதான். இந்தத் தடவை வரிசை நான் போடறேன்" என்று சொல்லிவிட்டு ஷீலா கூட்டத்தில் இறங்கிப் போனாள்.

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டா" என்றேன்.

"போடட்டும்ணே" என்றாள் ஜஸ்னா. ஆசிமின் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தான். "சென்னையில எங்களுக்கும் அந்தக் கப்பல் மாத்திரை கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் பின்னால் வேகமாக இறங்கினாள்.